நாற்பதாம் நாள் கோதுமை

செப்டம்பரில் கிரீஸின் யானினா ஏரியில் மூழ்கிச் செத்த மிர்த்தோ, அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சமையலறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேசமாட்டாள். இருட்டியதும் போய்விடுவாள். அம்மா தெஸ்பினா ஈர நாற்காலியைத் துடைத்து வைப்பாள்.

கீரை அடை, எலுமிச்சை பிழிந்த கோழி சூப் என்று எதை வைத்தாலும் மிர்த்தோ தொடவில்லை.

"செத்தவங்க இருக்கற பாதாளத்துக்குப் போன பெர்செபோனி தேவி அங்க மாதுளை முத்தைத் தின்னதால அங்கயே மாட்டிக்கிட்டான்னு நீதானடி சொன்னே? அப்போ இவ இங்க ஒரு வாய் தின்னா இங்கயே இருந்துடுவா இல்ல?" என்று அம்மா மூத்த மகளைக் கேட்டாள்.

மூத்தவள் எவாந்தியா பழங்கிரேக்கப் புராணத்தில் முதுகலை படிக்கிறாள். அவள் ஆய்வே அந்த மாதுளையைப் பற்றித்தான்.

"இருப்பாம்மா," என்றாள். வேறென்ன சொல்வது?

நாற்பதாம் நாள் பிரார்த்தனை முடிந்து நூலகத்துக்குப் போய்விட்டு அவள் திரும்பியபோது, அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது.

"சாப்பிட்டாடி! சர்ச்சுக்குக் கொண்டுபோனதுல மீந்ததை வெச்சேன். மாதுளைன்னா உயிராச்சே அவளுக்கு, வழிச்சுத் தின்னுட்டா!"

காலித் தட்டின் ஓரத்தில் அவித்த கோதுமை ஒட்டியிருந்தது. செத்தவர்களுக்கென்றே மாதுளை கலந்து படைக்கிற கோதுமை. அது பாதாளத்துச் சோறு என்று எவாந்தியாவே ஆய்வின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

மறுநாள் மூன்று மணி ஆனது. நான்கும் ஆனது.

"நேத்து வயிறு நிறையத் தின்னால்ல, அசந்து தூங்கறா போல," என்றாள் அம்மா. இருட்டியதும் துணியை எடுத்து, காய்ந்து கிடந்த நாற்காலியைத் துடைத்தாள்.