மூச்சுக்கு ஒரு பெட்டி

“என்ன சார், வீட்டம்மாவோட மூச்சைப் போன்ல பிடிச்சு வச்சிருக்கீங்களா?”

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் கிண்டலடித்தார். அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பன்னிரண்டு சார். பச்சை. சுத்தமான காத்து.”

மனைவிக்கு ஆஸ்துமா. பார்த்துப் பார்த்து ஒரு பெட்டி வாங்கி, படுக்கையறை ஜன்னலோரம் வைத்திருந்தான். சோப்பு டப்பா அளவுதான். காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று நொடிக்கு நொடி அவன் போனுக்குச் சொல்லிவிடும்.

அந்தப் பச்சை எண்ணைப் பார்த்தாலே அவனுக்குக் கண் சொக்கும். திரைச்சீலை மெல்ல அசைகிறது. அவள் ஜன்னலோரம் சாய்ந்து ஏதோ புத்தகம் படிக்கிறாள். காற்று அவள் நெஞ்சுக்குள் சத்தமில்லாமல் போய் வருகிறது. எதிரே குவிந்திருந்த ஃபைல்கள்கூட எடையில்லாமல் மிதந்தன. ஊரில் தன்னைப் போல ஒரு புருஷன் உண்டா என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

திடீரென்று போன் அலறியது. நூற்று எண்பது. சிவப்பு!

அவளுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ம்ஹூம். மேஜை டிராயரில் உபரியாக வைத்திருந்த இன்ஹேலரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கை முறுக்கினான்.

படுக்கையறையில் அவளும் இல்லை, பெட்டியும் இல்லை.

சமையலறைக்குள் நுழைந்ததுமே அவனுக்கு இருமல் வந்தது. வாணலியில் அவனுக்குப் பிடித்த வறுவல். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவள் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி சிவப்பாக மினுங்கியது.

“யார் இதை இங்க வச்சது?”

“நான்தான்” என்றாள் லீவுக்கு வந்திருந்த அவன் தங்கை.

“அறிவிருக்கா உனக்கு? அடுப்புப் பக்கத்துல வச்சா அது கண்டபடி காட்டாதா? எனக்கு உயிரே போயிடுச்சு!”

“ஏங்க, அவளைத் திட்டாதீங்க...” என்று ஆரம்பித்த மனைவி, மூச்சிரைத்து நிறுத்திக்கொண்டாள்.

தங்கை அடுப்பை அணைத்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த இன்ஹேலரை உருவி அண்ணி கையில் கொடுத்தாள்.

“அரைமணி நேரம் இந்தப் பெட்டி இங்க இருந்ததுக்கே அலறியடிச்சுக்கிட்டு ஓடி வந்துட்டியேண்ணா... அண்ணி எட்டு வருஷமா இங்கதானே நிக்கிறாங்க!”