கச்சான் கடை இல்லாத திருவிழா

ஜெயகௌரி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் முதலாளி ரேத்தோ ஷாம்பெயின் போத்தலோடு நின்றார். மூடியைச் சுற்றியிருந்த கம்பியை ஏற்கெனவே கழற்றிவிட்டார் மனிதர். நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

ஜெயகௌரி கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி என் எதிரே இருந்தார். எங்கள் நடுவில் மேசையில் ஒப்பந்தம். என் காலடியில் ஒரு பை. அதற்குள் மகள் எலேனாவின் பிறந்தநாள் பரிசு. மாலையில் கேக் வெட்டு. வேலைக்கு வரும் வழியில் வாங்காவிட்டால், பேர்ன் நகரத்துக் கடைக்காரர்கள் எனக்காகத் திறந்து வைத்துக்கொண்டா இருப்பார்கள்?

எங்கள் கம்பனி செய்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. பெயர் ஃபிர்ன். வடிவான சாமான், சும்மா சொல்லக்கூடாது. ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தெடுத்தது. சூடாகாது. சத்தம் போடாது. விற்கவும் விற்காது.

ஏனென்றால் அதில் விளையாட ஒரேயொரு கேம்தான் இருந்தது. நாங்களே செய்தது. ஒரு மனிதர் பனிமலையில் நடப்பார். நடந்துகொண்டே இருப்பார். தியானம் மாதிரி என்று ரேத்தோ புல்லரித்தார். எலேனாவுக்குக் காட்டினேன். "இவர் எங்கயப்பா போறார்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

வெளியாட்கள் கேம் செய்து தந்தால்தான் பெட்டி விற்கும் என்று நான் சொல்லாத நாளில்லை. நல்ல பெட்டி என்றால் சனம் தானாகத் தேடி வரும் என்பார் ரேத்தோ. தப்பித்தவறி யாராவது கேம் செய்ய விரும்பினாலும், விண்ணப்பம் பதிவுத் தபாலில் வர வேண்டும். கையேடு ஜெர்மனில் மட்டும். அனுமதி வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். அகதியாக வந்து நான் பெர்மிட் எடுத்தது இதைவிடச் சுகம்.

பெட்டிகள் கிடங்கில் மலையாய்க் குவிந்த பிறகுதான் ஐயாவுக்கு ஞானம் பிறந்தது.

"கச்சான் கேம் செய்த பெண் உங்கள் ஆள்தானே, யேசுதாசன்? தமிழில் பேசி முடித்துவிடுங்கள்" என்றார். தமிழர் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் என்று நினைப்பு. முடிக்காவிட்டால் மாதக் கடைசியோடு எனக்கு வேலையில்லை என்பதையும் அதே சிரிப்போடு சொன்னார். சுவிஸ் மரியாதை.

ஜெயகௌரி லாங்கன்தால் ஊர்க்காரி. இரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் செய்த கேம்தான் 'கச்சான் கடை'. கோயில் திருவிழாவில் கடை போட்டு, கச்சான், அதாவது நிலக்கடலை, வறுத்து, முண்டியடிக்கும் சனத்தைச் சமாளிக்க வேண்டும். அவ்வளவுதான். இப்போது சுவிஸ் பிள்ளைகளும் பிசகில்லாமல் 'கச்சான்' என்கிறார்கள். ஊரில் உள்ள எல்லாப் பெட்டிகளிலும் அது ஓடுகிறது, எங்களுடையதைத் தவிர.

அவர் ஒப்பந்தத்தைப் புரட்டி முடித்தார்.

"கோயில் வடிவாத்தான் கட்டியிருக்கிறியள் அண்ணை. ஆனா சனம் வராத திருவிழாவில ஆர் கடை போடுவினம்?"

"கடை இல்லாட்டிச் சனம் ஏன் வரப்போகுது, தங்கச்சி? நீங்கள் முதல்ல போடுங்கோ. உங்களைப் பாத்து மற்றக் கடையளும் வரும்."

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். கண்ணாடிக்கு வெளியே ரேத்தோ போத்தலைச் சரித்துப் பிடித்தார்.

"கடைசியா ஒண்டு கேக்கட்டோ? உங்கட பிள்ளை வீட்டில எதில விளையாடுறா?"

"எங்கடையிலதான்! வேற எதில?"

பொய் சொன்னால் எனக்குக் கால் ஆடும். பாழாய்ப்போன கால். அது பையில் இடித்தது, பை சரிந்தது. உள்ளே இருந்த பரிசு வழுக்கிக்கொண்டு போய் ஜெயகௌரியின் சப்பாத்தில் முட்டி நின்றது.

காலையில் வண்ணத்தாள் சுற்றித் தரவா என்று கடைக்காரி கேட்டாள். நேரமில்லை என்று ஓடி வந்த மடையன் நான்.

அது எங்கள் போட்டிக் கம்பனியின் கேம் பெட்டி. புத்தம்புதியது. அட்டை முழுக்கப் பெரிதாகக் கச்சான் கடைப் படம். பெட்டி வாங்கினால் அந்தக் கேம் இலவசமாம்.

ஜெயகௌரி குனிந்து பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. சுவிஸ் நிலம், அதெல்லாம் முன்னறிவித்தல் இல்லாமல் பிளக்காது.

"பிள்ளைக்கு உங்கட கேம்தான் வேணுமாம். எங்கட பெட்டியில அது இல்லையே" என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அவர் பெட்டியைத் தூக்கி மேசையில், ஒப்பந்தத்துக்கு மேலேயே படுக்க வைத்தார்.

"பிள்ளையின்ர பேர் என்ன அண்ணை?"

"எலேனா."

அவர் குனிந்து, எங்கள் கம்பனிப் பேனாவால், அந்த அட்டையில் அவசரப்படாமல் ஆறுதலாக எழுதினார். எலேனாவுக்கு அன்புடன். கீழே அழகான கையெழுத்து.

பெட்டியை அவருடைய முதுகு மறைத்ததால், பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு முழங்கை அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

படாரென்று போத்தல் திறந்தது. அலுவலகம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ரேத்தோ நுரை வழிய வழிய என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

நானும் காட்டினேன்.