பக்கத்து வீட்டு மோட்டார்

"ராத்திரி பூரா மோட்டார் ஓட்டிக்கினு இருக்காங்க சார். பைப்புல தேங்கி நிக்கிற தண்ணியக்கூட விட்டு வெக்கல."

திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் காந்திமதி மனுவை நீட்டினாள். அதில் தெருக்காரர்கள் பதினொரு பேரின் கையெழுத்து இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி அவளே வாங்கியது.

குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் சுப்பராயலு மனுவைப் படித்தார்.

"யார் வீடும்மா?"

"பாக்கியசாமின்னு, எங்க பக்கத்து வீடு சார். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. காதை வெச்சா கொர்ருன்னு கேக்குது."

"குழாயில மோட்டார் வெச்சு உறிஞ்சினது உறுதியாச்சுன்னா லைனையே கட் பண்ணிடுவோம்."

"பண்ணுங்க சார். ஊருக்குப் பொதுவான தண்ணிய திருடறவங்களுக்கு எதுக்கு லைனு?"

வீட்டில் அவள் கணவன் அப்பாதுரைக்கு இது பிடிக்கவில்லை.

"ஆபீசு ஆளுங்கள நாமளே தெருவுக்குக் கூட்டியாரணுமா? நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நீங்க இப்பிடி பயந்து சாவறதாலதான் நம்ம மாடித் தொட்டி பாதிக்கு மேல ரொம்ப மாட்டேங்குது."

அந்த வீட்டில் அப்பாதுரையின் பேச்சு எடுபட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அந்தத் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஐந்து மணிக்குத்தான் தண்ணீர். அடுத்த தண்ணீர் நாளில் சுப்பராயலு சொன்னபடி ஐந்து மணிக்கே ஸ்பேனரோடு வந்துவிட்டார்.

காந்திமதி வெறும் குடத்தோடு வாசலில் தயாராக நின்றாள். அவள் வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"பாத்தீங்களா சார் எங்க கதிய? இப்ப அங்க வந்து கேளுங்க."

பாக்கியசாமியின் மனைவி இருதயசெல்வி கதவைத் திறந்தாள். உள்ளே இருந்து கொர்ரென்ற சத்தம் தெளிவாகவே கேட்டது.

"மோட்டார் எங்கம்மா இருக்குது?" என்றார் சுப்பராயலு.

"மோட்டாரா? எங்க வீட்ல மோட்டாரே இல்லீங்களே. அவரு தூங்கறாரு சார், கொஞ்சம் மெதுவா..."

"தூங்கற ஆளைக் காட்டித் தப்பிக்கப் பாக்காத" என்று அவளை ஒதுக்கிவிட்டு காந்திமதி உள்ளே நுழைந்தாள்.

கட்டிலில் பாக்கியசாமி படுத்திருந்தார். மூக்கின் மேல் பிளாஸ்டிக் மூடி. அதிலிருந்து ஒரு குழாய், ஸ்டூலின் மேல் இருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. பெட்டிதான் கொர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

ஆள் அரவம் கேட்டு அவர் பதறி எழுந்து மூடியைக் கழற்றினார். காற்று இன்னும் பெரிதாகச் சீறியது. கன்னத்தில் பட்டையின் தடம் சிவந்திருந்தது. நிலக்கடலை மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிறவர், போர்வையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"தூக்கத்துல அவருக்கு மூச்சு நின்னு நின்னு போவுது சார்" என்றாள் இருதயசெல்வி. "இத மாட்டிக்கினாதான் தூங்க முடியும். பாண்டியில ஒருத்தர் வெச்சிருந்த பழைய மிசினு, அதான் இவ்ளோ சத்தம். வெளில தெரிஞ்சா மூட்டை தூக்கக் கூப்பிட மாட்டாங்கன்னு யாராண்டயும் சொல்லல."

வாசலில் கூடியிருந்த நாலைந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இனி யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருதயசெல்வி காந்திமதி பக்கம் திரும்பினாள்.

"யக்கா, அவரு குறட்டையில தூங்க முடியலன்னு நீங்கதான மின்ன திட்டினீங்க? அப்புறந்தான் டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். நீங்க திட்டலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

குத்திக்காட்டுகிறாளோ என்று காந்திமதி அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை, நன்றியாகத்தான் சொன்னாள். காந்திமதிக்கு அவமானமாக இருந்தது. கையிலிருந்த குடத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சுப்பராயலு எரிச்சலோடு ஸ்பேனரைப் பையில் போட்டார்.

"என்னம்மா நீ, ஒரு நோயாளி வீட்டுக்குள்ள என்னைக் கூட்டியாந்து நிறுத்திட்ட. சரி, வந்தது வந்துட்டேன். எதுக்கும் உன் வீட்டுக் குழாயையும் ஒரு தபா பாத்துட்டுப் போறேன்."

காந்திமதி சட்டென்று தன் வீட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க வீட்ல என்ன சார் இருக்கப் போவுது?" என்றாள் இருதயசெல்வி. "நடுவுல ஒரே சுவரு. மோட்டார் ஓடினா எனக்குக் கேக்காதா?"

சுப்பராயலு அதற்கு மேல் நிற்கவில்லை. கூட்டமும் கலைந்தது.

காந்திமதி மட்டும் அந்த வீட்டு வாசற்படியில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"செல்வி, நான் வந்து..."

"பரவால்ல விடுக்கா" என்றவள், வெளியே யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தபா தண்ணி வர்றப்ப, அந்த அண்டாவுக்கு அடியில இருக்கற மோட்டாரை ஒரு அஞ்சு நிமிசம் மின்னாடி நிறுத்தறீங்களாக்கா? நாங்க நாலு கொடம் புடிச்சிக்கிறோம்."