நடை தெரிந்த துப்பாக்கி

முகாம் வாசலில் இருந்த துப்பாக்கியை இயக்க ஆள் கிடையாது. சொந்த வீரர்களை அவர்களுடைய நடையை வைத்தே அது அடையாளம் கண்டுகொள்ளும். மற்றவர்களைச் சுட்டுவிடும். கண்ணிவெடியில் ஒரு கால் சிதைந்த குமரப்பனைச் சூசை முதுகில் சுமந்து வந்தபோது, அப்படி நடக்கிற எவரையும் அதற்குத் தெரியவில்லை. முதல் குண்டு குமரப்பனின் தோளைப் பிய்த்துக்கொண்டு போனது. இருவரும் பள்ளத்தில் உருண்டார்கள்.

"என்னைய விட்டுட்டு நீ நடந்து போடா. உன்னையச் சுடாது," என்றான் குமரப்பன்.

சூசை எழுந்து நடந்தான். துப்பாக்கி சும்மா இருந்தது. வாசலை அடைந்ததும் காவலறைக்குள் இருந்தவனைப் பார்த்துக் கத்தினான்.

"அதை நிறுத்துடா! வெளிய குமரப்பன் கெடக்குறான்!"

"சுவிட்சு இங்க இல்லண்ணே. தலைமையகத்துலதான் நிறுத்தணும். கேட்டுட்டேன், பதில் வரல."

ரத்தம் போய்க்கொண்டிருக்க, அதற்குமேல் காத்திருக்க முடியாமல் குமரப்பன் பள்ளத்திலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். குழல் அவன் பக்கம் திரும்பியது. சூசை அதன் முன்னால் போய்க் குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கினான். நின்றால் அவனையும் அதற்குத் தெரியாமல் போய்விடும். அவனைத் தாண்டிக் குறிபார்க்கக் குழல் இடமும் வலமும் அசைந்தது.

"வாடா, நான் மறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வா!"

பார்த்தால் கால் தடுமாறும் என்று அவன் குமரப்பன் பக்கம் பார்க்கவில்லை. மண்ணில் உடம்பு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. வரவர அது மெதுவானது. பிறகு நின்றது.

சூசை நடந்துகொண்டே இருந்தான்.