பஞ்சு நுனி

டாக்டர் மூச்சை நிறுத்தினால் தொடப்போகிறார் என்று பொருள்.

போன இரண்டு முறையும் தோற்றதில் அவள் கற்ற பாடம் அது.

பஞ்சை நூலாகத் திரித்து, பார்வையில் சிக்காமல் பக்கவாட்டில் கொண்டுவருவார். கருவிழியில் பட்டதும் கண் தானாகச் சிமிட்ட வேண்டும். வலக்கண் சிமிட்டியது. இடக்கண் அசையவே இல்லை.

எல்லாம் அக்கியால் வந்த வினை. நெற்றியில் கொப்புளம் கிளம்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பானை வனையும் வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டாள். அக்கி ஆறியது. கண்ணில் நரம்பு செத்துப்போனது.

வலி இல்லாவிட்டால் நல்லதுதானே என்று கேட்டாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"அந்த நரம்பு வலியச் சொல்றதுக்கு மட்டும் இல்லம்மா. கருவிழிக்குச் சத்து ஊட்டுறதும் அதுதான். அடுத்த தடவையும் உணர்ச்சி இல்லேன்னா இமையத் தச்சு மூடிடணும். விட்டா புண்ணாகிப் பார்வையே போயிடும்."

வெள்ளிக்கிழமை மகள் சாருலதாவுக்குக் கல்யாணம். தைத்த கண்ணோடு சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்பதா?

காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வெட்டிய வெங்காயத்தை இடக்கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

ஒன்றும் இல்லை.

பாழாய்ப்போன கண்ணே, கொஞ்சம் எரியத்தான் எரியேன்!

இப்போது டாக்டரின் மூச்சு நின்றது.

சிமிட்டினாள். போதாதென்று "ஸ்ஸ்" என்றும் சொல்லிவைத்தாள்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே! கல்யாணத்த முடிச்சுட்டு வாங்க."

அருகில் நின்ற சாருலதா அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது மகளிடம் அவள் வாய் ஓயவில்லை. பந்தல், பூ, மாப்பிள்ளை வீட்டுச் சீர். பேச்சை நிறுத்தினால் மாட்டிக்கொள்வோமோ என்று பயம். காற்று முகத்தில் அறைந்தது. மகளை இன்னும் நெருங்கி உட்கார்ந்து, நாதஸ்வரக்காரர் பேச்சுக்கு வந்தாள்.

சாருலதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"



மகளின் இரண்டு விரல்கள் அவள் இடக்கண்ணருகே வந்தன. எதையோ பிடித்து மெல்ல இழுத்தன.

ஒரு தலைமுடி. வந்துகொண்டே இருந்தது. சாருலதாவின் முடிதான்.

அது எப்போது கண்ணுக்குள் போனது? அவளுக்குத் தெரியவில்லை.

சாருலதா ஈரமான அந்த முடியை விரலில் சுற்றிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க."