சத்தமில்லாத திரி

மாலை வெயில் புகைக்கூண்டு வழியே அடுப்படியில் விழுகிறது. உருளியில் பிரம்மி நெய் நுரைத்து அடங்குகிறது. கலங்கிய மனங்களுக்கு எங்கள் இல்லம் தலைமுறைகளாகக் காய்ச்சித் தரும் மருந்து. குஞ்ஞிராமன் மகளுக்காகத் தூக்குப் பாத்திரத்துடன் காத்திருக்கிறான். உருளியின் அடியில் கிடந்த விழுதைத் திரியாக உருட்டித் தீயில் காட்டுகிறேன். நெய்யில் ஈரம் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். திரி சத்தமில்லாமல் எரிகிறது; பதம் சரி. அந்த நொடியில் அடுப்புக்குப் பின்னாலுள்ள பூட்டிய அறையிலிருந்து சடசடவென்று ஓர் ஓசை. என் மகன் வாசுதேவன் நாக்கால் எழுப்புவது. சுவருக்கு அப்பால் திரி எரிவது அவனுக்கு எப்படித் தெரிகிறது? அவன் தியானத்தில் இருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். "என்ன திருமேனி, வெடிக்குதே! என் பொண்ணு சட்டி பானையெல்லாம் உடைச்சாச்சு, இனி என் மண்டைதான் பாக்கி" என்று சிரித்தவன், கதவைப் பார்க்கிறான். "இல்ல, சத்தம் உள்ளேருந்தா வந்துச்சு?" "உள்ளே வாசுதேவன் தியானத்துல இருக்கான். நெய்லதான் ஈரம், குஞ்ஞிராமா. இன்னும் காயணும்." பதமான நெய்யின் கீழ் விறகைத் தள்ளுகிறேன். பச்சை நுரை கருக்கிறது, கசந்த வாடை எழுகிறது. குஞ்ஞிராமன் மூக்கைச் சுளித்தபடி பாத்திரத்தைக் கீழே வைக்கிறான். நான் இன்னொரு திரி உருட்டுகிறேன். அதைத் தீக்குக் கொண்டுபோகும் முன்பே, கதவின் இடுக்கில் வாய்வைத்ததுபோல் அத்தனை அருகில், சடசட.