பிடி விட்ட விரல்கள்

இறந்துபோன அரசரின் கையிலிருந்து அந்த மாய வாளை யாராலும் எடுக்க முடியவில்லை. இளவரசர் இழுத்துப் பார்த்தார். விரல்கள் இன்னும் இறுகின.

"அடுத்த ராஜா யாருன்னு வாளே சொல்லட்டும். ஒவ்வொருத்தரா வாங்க," என்றார் தளபதி.

மெய்க்காவலன் எயினன் கடைசியாக நின்றான். அரசரின் பாலில் நஞ்சைக் கலந்தவன் அவன்தான். அரசர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒன்றும் கேட்காமல் குடித்து முடித்திருந்தார்.

எயினன் குனிந்ததும், அவன் தொடுவதற்கு முன்பே விரல்கள் மெல்லப் பிரிந்தன. அவன் கைக்கு வந்த வாளின் பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

"இனிமே நீங்கதான் எங்க ராஜா," என்று தளபதி மண்டியிட்டார். வீரர்களும் மண்டியிட்டார்கள்.

இறந்தவரும் தனக்கு முந்தைய அரசரைக் கொன்றுதான் இந்த வாளைப் பெற்றிருப்பாரோ என்று எயினனுக்குத் தோன்றியது. இளவரசர் மட்டும் மண்டியிடாமல், அவன் கழுத்தையே நிதானமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.